உள்நாட்டவரும் அல்லர், அயலாரும் அல்லர்: ஷாங்காயில் தைவான் தொழில்வல்லுநர்கள்

சீனா 2020-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகளில் ஒரு தனி அட்டவணை உண்டு. ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகிய மூன்று இடங்களிலிருந்து வந்து பெருநிலத்தில், அதாவது சீனாவின் நிலப்பகுதியில், தங்கியிருப்பவர்களையும், அயல்நாட்டுக் குடிமக்களையும் ஒன்றாக வைத்து எண்ணிய அட்டவணை அது. தைவானியர் என்று அதில் பதிவானவர்கள் 1,57,886 பேர். பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் அவர்கள் 1,70,283 பேராக இருந்தனர். எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்பதைவிட, அவர்கள் எந்த அட்டவணையில் வைக்கப்பட்டார்கள் என்பதே இந்த ஆய்வுக்கு முதன்மையானது. தைவான் தன் மாகாணங்களுள் ஒன்று என்றும், தைவானியர் தன் உடன்பிறப்புகள் என்றும் சொல்லும் அரசு, தலையெண்ணும் வேளையில் அவர்களை உள்நாட்டவரோடு சேர்க்காமல் அமெரிக்கரும் கொரியரும் இருக்கும் பக்கத்தில் எழுதி வைக்கிறது. ஷாங்காயில் பணிபுரியும் தைவான் பொறியாளர் ஒருவரின் அன்றாட வாழ்க்கை இந்த அட்டவணையின் விரிவு என்றே சொல்லலாம்.

புலம்பெயர்ந்தவரின் அடையாளத்தை, அவர் ஊரிலிருந்து மூட்டை கட்டி எடுத்துச் சென்ற ஒன்றாகவே நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். போன இடத்தில் அது தேயும், அல்லது பிடிவாதமாகக் காக்கப்படும் என்று இரண்டே வழிகளைக் காண்கிறோம். தைவானியர் வாழ்க்கை அப்படிக் காட்டவில்லை. போய்ச் சேர்ந்த நகரம் "நீ யார்" என்ற கேள்வியை எந்த இடத்தில், எந்தச் சொல்லால், யாருக்கு அருகில் நிறுத்திக் கேட்கிறதோ, அதைப் பொறுத்தே பதிலின் வடிவம் அமைகிறது. அந்தக் கேள்வி பொது மேடைகளில் கேட்கப்படுவதைவிட, பயணச்சீட்டு இயந்திரத்திலும் பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் கேட்கப்படுவதே மிகுதி. இதை ஷாங்காயை நடுவில் வைத்து, தேவையான இடங்களில் வேறு நகரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் "சீனர்" என்ற ஒரே சொல்லால் ஒரு நாட்டின் குடிமக்களையும், ஓர் இனத்தவரையும், ஒரு மொழி பேசுபவரையும் குறித்துவிடுகிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழருக்கு இதன் சிக்கல் பழக்கமானது. அவர்களது பக்கத்து வீட்டுச் சீனர் சீன நாட்டவர் அல்லர். மாண்டரின் மொழியில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. சீன நாட்டைச் சேர்ந்தவர் "சோங்குவோரென்". எந்த நாட்டில் வாழ்ந்தாலும் சீன மரபினர் "ஹுவாரென்". தைவானைச் சேர்ந்தவர் "தைவான்ரென்". இந்த மூன்றில் எதை யாரிடம் சொல்வது என்ற தேர்வே இந்தக் கட்டுரையின் பொருள். தமிழின் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதினால் அந்தத் தேர்வு கண்ணுக்கே படாமல் போய்விடும்.

வந்தவர்கள் யார்

தைவானில் இராணுவச் சட்டம் 1949 மே மாதம் முதல் 1987 ஜூலை வரை 38 ஆண்டுகள் நடப்பிலிருந்தது. அது நீக்கப்பட்ட ஆண்டின் நவம்பரில், பெருநிலத்தில் உறவினர் உள்ளவர்கள் போய்ப் பார்த்து வர அனுமதி கிடைத்தது. முதலில் போனவர்கள், சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங் கை-ஷேக்கின் படையோடு தீவுக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகத் தாய் தகப்பனின் முகத்தைப் பார்க்காதிருந்த முதிய சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் காலணியும் பொம்மையும் செய்யும் சிறு ஆலை முதலாளிகள் தெற்கே குவாங்டாங் மாகாணத்துக்கு, குறிப்பாக டோங்குவானுக்குச் சென்றனர். 1990களின் இறுதியில் மின்னணுத் தொழில் யாங்சி ஆற்றுக் கழிமுகத்தை நோக்கி நகர்ந்தபோது, ஷாங்காயும் அதையொட்டிய குன்ஷானும் மையங்களாயின. தைவான் நிறுவனங்களின் மடிக்கணினித் தொழிற்சாலைகள் நிறைந்த குன்ஷானுக்கு "சிறு தைபே" என்ற பெயர் வந்தது.

முதலாளிகளை "தைஷாங்" என்பார்கள். தைவான் வணிகர் என்று பொருள். அவர்களுடைய ஆலைகளை நடத்த அனுப்பப்பட்ட சம்பளக்காரரான மேலாளரும் பொறியாளரும் "தைகான்". இந்த ஆய்வு தைகான்களைப் பற்றியது. முதலாளிக்கு எல்லை கடந்து போவது முதலீட்டுக் கணக்கு. தைகானுக்கோ அது வேலைக் கட்டளை. போகாவிட்டால் பதவி உயர்வு இல்லை, போனால் குடும்பம் தைபேயில் அல்லது சின்ச்சுவில் தனியே இருக்கும்.

அன்றைய தைவான் அதிபர் லீ தெங்-ஹுய் 1996-இல் "அவசரம் வேண்டாம், பொறுமை காப்போம்" என்ற கொள்கையை அறிவித்துப் பெருநில முதலீட்டுக்குக் கடிவாளம் போட்டார். ஆனாலும் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஷாங்காயின் சாங்ஜியாங் தொழில்நுட்பப் பூங்காவில் தொடங்கப்பட்ட எஸ்.எம்.ஐ.சி. என்ற சில்லு உற்பத்தி நிறுவனம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதை நிறுவிய ரிச்சர்ட் சாங் 1948-இல் நான்ஜிங்கில் பிறந்தவர். குழந்தையாகத் தைவானுக்கு வந்து அங்கே வளர்ந்தவர். அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். தைவானிலிருந்து அவர் பொறியாளர்களை வரவழைத்தார். அவர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவதற்காகத் தொழிற்சாலைக்கு அருகிலேயே குடியிருப்பும் பள்ளியும் கட்டினார். அனுமதியின்றிப் பெருநிலத்தில் முதலீடு செய்ததாகத் தைவான் அரசு 2005-இல் அவருக்கு அபராதம் விதித்தது. பிறப்பு ஓரிடம், வளர்ப்பு ஓரிடம், தொழில் கற்றது மூன்றாம் இடம் என்று இருந்த அவரை எந்த ஊர்க்காரர் என்று சொல்வது? அவருடைய ஆலையில் வேலை செய்த பலருக்கும் இதே கேள்வி சிறிய அளவில் இருந்தது.

இவர்களுக்குள் இன்னொரு பிளவும் உண்டு. 1949-ஐ ஒட்டி தீவுக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரும் அவர்கள் வழிவந்தவர்களும் "வாய்ஷெங்ரென்", அதாவது வெளி மாகாணத்தார். அதற்கு முன்பே பல தலைமுறைகளாக அங்கிருந்தவர்கள் "பென்ஷெங்ரென்". தைவானுக்குள் இந்த வேறுபாடு தேர்தல் முடிவுகளையே அசைத்த ஒன்று. வெளி மாகாணத்தாரின் பிள்ளை, தகப்பன் சொல்லிச் சொல்லிக் கேட்ட ஷாங்காய்க்கோ ஜெஜியாங்குக்கோ ஒரு வகையில் ஊர் திரும்புவதாக எண்ணி வந்திருப்பார். வந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் அவருக்குக் கிடைக்கும் பெயர் "அந்தத் தைவான்காரர்". தைபேயில் பெருநிலத்தார் மகன் என்று அழைக்கப்பட்டவரைத் தைவானியர் ஆக்கியது ஷாங்காய். இந்தச் சிறு நிகழ்வில் இருக்கும் வலியை நான் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. தகப்பனின் ஊர், மகனை விருந்தாளி என்று வரவேற்பது எளிதில் செரிக்கக்கூடியது அன்று.

அட்டையும் இயந்திரமும்

தைவானியர் சீனாவுக்குள் நுழையத் தம் கடவுச்சீட்டைப் பயன்படுத்த முடியாது. அதைச் சீனா ஏற்பதில்லை. மாறாக, "தைவான் உடன்பிறப்பு அட்டை" என்ற பொருளில் "தைபாவ்செங்" என்று அழைக்கப்படும் பயண அனுமதி அவர்களுக்கு வழங்கப்படுகிறது. முன்பு சிறு புத்தகமாக இருந்த அது 2015-இல் அட்டையாக மாறியது. பெயரில் பாசம் இருந்தாலும் அன்றாடத்தில் அது தடங்கலாகவே இருந்தது. சீனாவில் தொடர்வண்டிப் பயணச்சீட்டு, கைபேசிப் பணப்பரிமாற்றம், மருத்துவமனைப் பதிவு, விடுதி அறை என எல்லாமே 18 இலக்க அடையாள எண்ணைக் கேட்கும். தைபாவ்செங் எண்ணில் எட்டு இலக்கங்கள்தான். உள்ளூர்ச் சக ஊழியர் நிலைய இயந்திரத்தில் அட்டையை வைத்து நொடியில் சீட்டு எடுத்துச் செல்ல, அதே மொழி பேசும், அவருக்கு மேலதிகாரியான தைவானியர் ஆள் இருக்கும் சாளரத்தில் வரிசையில் நிற்பார். ஷாங்காய் அவரிடம் நாள்தோறும் கேட்ட கேள்வி இதுதான்; இயந்திரம் அந்தக் கேள்வியை வாய் திறக்காமலே கேட்டது.

2018 செப்டம்பர் 1 முதல் சீனா புதிய குடியிருப்பு அட்டை வழங்கத் தொடங்கியது. ஆறு மாதங்களுக்கு மேல் தங்கி, நிலையான வேலையோ வீடோ படிப்போ உள்ளவர்கள் அதைப் பெறலாம். அதில் 18 இலக்க எண் இருந்தது; இயந்திரங்கள் திறந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் தைவானியருக்கான 31 சலுகைகளும் அறிவிக்கப்பட்டிருந்தன. இவை அன்றாட வாழ்வை எளிதாக்கின என்பதை மறுக்க இடமில்லை.

ஆனால் அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். சீனக் குடிமகனின் அடையாள எண் மாகாணக் குறியீட்டோடு தொடங்கும்: பெய்ஜிங்குக்கு 11, ஷாங்காய்க்கு 31. தைவான் மாகாணம் என்று சீன அரசின் குறியீட்டுப் பட்டியலில் 71 ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடியிருப்பு அட்டை பெற்ற தைவானியருக்கோ 83. ஹாங்காங் 81, மக்காவ் 82 என்பதை அடுத்து வரும் எண். வேறு காரணம் எதுவாயினும், 71 வெறுமையாகக் காத்திருக்க, வந்து வாழும் மனிதர்கள் 83-இல் வைக்கப்படுகிறார்கள். சேர்த்துக்கொள்வதும் தள்ளி வைப்பதும் ஒரே அட்டையில் நடக்கிறது.

மறுபக்கத்திலும் ஒரு கோடு இருக்கிறது. தைவானுக்கும் சீனாவுக்கும் இடையிலான தொடர்புகளை ஒழுங்குபடுத்தும் தைவானின் இருகரை உறவுச் சட்டப்படி, பெருநிலத்தில் குடும்பப் பதிவு (ஓர் ஊரின் நிரந்தரவாசி என்ற அரசுப் பதிவு) பெறுபவரும் சீனக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் தைவானில் தமது குடும்பப் பதிவை இழக்கிறார்கள். அதனோடு வாக்குரிமையும் போகும். குடியிருப்பு அட்டை அந்த வரம்புக்குள் வராது. ஆகவே ஷாங்காயில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் தைகான் அந்தக் கோட்டுக்கு ஓரடி முன்பே நின்றுவிடுகிறார். 2021 ஏப்ரலில் தைவான் அரசு, சீனாவில் பணிபுரிவதற்கான வேலை விளம்பரங்களை நீக்குமாறு ஆட்சேர்ப்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சில்லுத் தொழிலின் திறமை வெளியேறுவதைத் தடுப்பதே நோக்கம். ஒரு கரையில் உடன்பிறப்பு என்றும், மறுகரையில் பாதுகாப்புக் கவலை என்றும் அழைக்கப்படும் நிலையில், தாம் யார் என்பதைப் பேசாமல் இருப்பதே பலருக்கு நடைமுறை அறிவாகத் தோன்றுகிறது. அந்த மௌனத்தையே ஷாங்காய் உருவாக்கும் அடையாளத்தின் முதல் இயல்பாக நான் கருதுகிறேன். அங்கே "தைவான்ரென்" என்பது ஊர்ப்பெயர் போலச் சொல்லப்படும். நாட்டின் பெயராகச் சொல்லப்படுவதில்லை.

ஒரே மொழி, இடம் மாறிய நிரலும் நிரையும்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரு கரையாரும் ஒரே மொழி பேசுகிறார்கள். தைவானியரின் மாண்டரின் புலமை தானாக வந்தது அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சியாங் கை-ஷேக்கின் கோமிந்தாங் கட்சி ஆட்சியில் பள்ளியில் ஹொக்கியன் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். வீட்டு மொழியை ஒடுக்கி மாண்டரின் ஊட்டப்பட்டது. அவர்களைச் சீனர் ஆக்குவதற்காகத் திணிக்கப்பட்ட அந்த மொழிதான், பின்னாளில் அவர்களை ஷாங்காயின் வேலைச் சந்தைக்குத் தகுதியாக்கியது. அங்கே போனதும், தாம் சீனாவில் உள்ளவர்களைப் போல இல்லை என்பதை நாள்தோறும் நினைவூட்டுவதும் அதே மொழிதான்.

தொழில் சார்ந்த சொற்களில் இது கூர்மையாகத் தெரியும். தைவானில் "ஜிலியாங்" என்றால் இயற்பியலில் வரும் நிறை. சீனாவில் அதே சொல்லுக்குத் தரம் என்ற பொருளும் உண்டு, ஆலையில் புழங்குவது அந்தப் பொருளே. தரத்துக்குத் தைவானியர் சொல்வது "பின்ஜி". மென்பொருள், கணினி நிரல், வன்தட்டு, காணொளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரு கரைகளிலும் வேறு சொல். இன்னும் வியப்பூட்டுவது அட்டவணையின் நிரையும் நிரலும். தைவானில் "ஹாங்" மேலிருந்து கீழாகப் போகும் நிரல், "லியே" குறுக்கே போகும் நிரை. சீனாவில் இவை அப்படியே இடம் மாறியிருக்கும். மூன்றாம் ஹாங்கைத் திருத்துங்கள் என்று தைவான் பொறியாளர் சொன்னால், ஷாங்காய் இளைஞர் மூன்றாம் நிரையைத் திருத்திவிடுவார். முற்றிலும் அயல் மொழி என்றால் இருவரும் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். பொதுமொழி என்ற நம்பிக்கையே பிழைக்கு இடம் தருகிறது.

எழுத்திலும் இதே கதை. தைவானில் மரபு வடிவ எழுத்துகள், பெருநிலத்தில் எளிமையாக்கப்பட்டவை. தைவான் குழந்தை 37 குறிகளைக் கொண்ட "பொபொமொஃபொ" முறையில் ஒலிப்பைக் கற்று, அதே குறிகளால் விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறது. சீனாவில் ரோமன் எழுத்தாலான பின்யின். தைவானின் அரசு ஆவணங்களில் ஆண்டுக் கணக்கு 1912-ஐ முதலாம் ஆண்டாகக் கொண்டது. 99-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர் ஷாங்காய் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதை 2010 என்று மாற்றி எழுதுகிறார். இவை சிறியவை என்று ஒதுக்கலாம்தான். லண்டனில் ஆங்கிலம் பேசத் திணறும் ஒருவர் தம்மைக் குறையுள்ளவராக உணர்வாரே தவிர, வேறு இனமாக உணர்வதற்கு மொழித்திணறல் தேவைப்படுவதில்லை. அது முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஷாங்காயில் முகம் எதையும் சொல்லாது. எனவே ஒரு சொல்லின் வேறுபாடு அங்கே முகத்தின் வேலையைச் செய்கிறது. நெருக்கம் கூடக் கூட வேறுபாடு நுணுகி நுணுகிக் கூர்மையாகிறது.

பள்ளி

அடையாளக் கேள்வியைத் தமக்காக ஒத்திப்போட்டவர்களால் பிள்ளைகளுக்காக ஒத்திப்போட முடிவதில்லை. தைவான் வணிகர்களின் பிள்ளைகளுக்கென டோங்குவானில் 2000-இலும், குன்ஷானில் 2001-இலும், ஷாங்காயில் 2005-இலும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் தைவான் பாடத்திட்டம் நடக்கிறது. பாடநூல்கள் தைவானிலிருந்து வருகின்றன. வந்தவை பெருநில அதிகாரிகளின் பார்வைக்குப் பிறகே மாணவர் கையை அடைகின்றன. வரலாறு, புவியியல் நூல்களில் ஏற்கப்படாத பக்கங்கள் நீக்கப்பட்டதும் திருத்தப்பட்டதும் தைவானில் பலமுறை பேசப்பட்டது.

பெற்றோர் முன்னால் மூன்று வழிகள். உள்ளூர்ப் பள்ளி என்றால் பிள்ளை எளிய வடிவ எழுத்தில் படித்து, ஷாங்காய்ப் பிள்ளைகளோடு போட்டியிட்டு, காலப்போக்கில் ஷாங்காய்க்காரராகும். பன்னாட்டுப் பள்ளி என்றால் ஆங்கிலம் பெற்று மூன்றாம் நாட்டுக்குப் போகும். ஆனால் கட்டணம் சம்பளக்காரருக்கு எட்டாதது. தைவான் பள்ளி என்றால் திரும்பிப் போகும் வழி திறந்திருக்கும். எங்கே வாழப்போகிறோம் என்பதைத் தாமே தீர்மானிக்காத குடும்பம், ஆறு வயதுக் குழந்தைக்காக அதை ஒரு படிவத்தில் தீர்மானித்து எழுத வேண்டியிருக்கிறது. ஷாங்காய் வைக்கும் கேள்விகளில் மிகக் கனமானது இதுவே என்பது என் கணிப்பு. அட்டையை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை எந்த எழுத்தில் முதல் கடிதம் எழுதுகிறது என்பதைப் பின்னால் போய் மாற்ற முடியாது.

வேறு நகரங்கள், வேறு கேள்விகள்

இதே மனிதர்கள் வேறு நகரங்களுக்குப் போனபோது என்ன நடந்தது என்று பார்த்தால்தான் ஷாங்காயின் தனித்தன்மை புரியும்.

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் தைவான் முதலீட்டால் எழுந்த ஃபூ மி ஹங் என்ற புதுநகர்ப் பகுதி உண்டு. தைபே பள்ளி ஒன்று 1997 முதல் அங்கே இயங்குகிறது. 2025 வரை தனி மாகாணமாக இருந்த, அருகிலுள்ள பின் டுவாங் பகுதி தைவான் ஆலைகள் நிறைந்தது. 2014 மே மாதம், சர்ச்சைக்குரிய கடற்பகுதியில் சீனா எண்ணெய்த் துளைமேடை நிறுவியதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம், பெயர்ப்பலகையில் சீன எழுத்து இருந்த ஆலைகளையெல்லாம் தாக்கியது. சேதமடைந்தவற்றில் தைவான் ஆலைகள் பல. மரபு வடிவ எழுத்துக்கும் எளிய வடிவ எழுத்துக்கும் உள்ள வேறுபாடு கல்லெறிபவருக்குத் தெரியாது. தைவான் வெளியுறவு அமைச்சகம் "நான் தைவானைச் சேர்ந்தவன்" என்று வியட்நாமிய மொழியில் அச்சிட்ட ஒட்டுவில்லைகளை விநியோகித்தது. ஷாங்காயில் மெல்லிய குரலில் ஊர்ப்பெயராகச் சொல்லப்பட்ட சொல், இங்கே உயிர் காக்கும் சீட்டாகக் கதவில் ஒட்டப்பட்டது.

கலிஃபோர்னியாவின் வரலாறு நீண்டது. அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் தைவான் பட்டதாரிகள் பெருந்திரளாகச் சென்றனர். 1979-இல் அமெரிக்கா தைவானுடனான தூதரக உறவை முறித்தபின், சீனாவுக்குரிய ஒதுக்கீட்டுக்குள் தைவானியர் அடைபடும் நிலை வந்தது. 1981 இறுதியில் நிறைவேறிய சட்டத் திருத்தம் ஆண்டுக்கு 20,000 இடங்களைத் தைவானுக்கெனத் தனியே ஒதுக்கியது. அந்தத் தனி ஒதுக்கீட்டுக்காகப் பாடுபட்டவர்களுள் ஊர் திரும்பத் தடை விதித்த தைவான் அரசின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்களும் உண்டு. இராணுவச் சட்டத்தின் கீழ் தீவில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை லாஸ் ஏஞ்சலஸ் புறநகர்களில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அந்தச் சுதந்திரமும் முழுமையானதாக இருக்கவில்லை: எழுத்தாளர் ஹென்றி லியூ 1984 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த டேலி சிட்டியில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார், தைவான் இராணுவ உளவுத்துறையின் தொடர்பு பின்னர் வெளிவந்தது. தைவானியர் என்ற அரசியல் அடையாளத்தின் கணிசமான பகுதி தீவுக்கு வெளியே, இப்படிப்பட்ட நகரங்களில் வளர்ந்து, 1987-க்குப் பின் ஊர் திரும்பியது. சின்ச்சு அறிவியல் பூங்காவுக்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து திரும்பிய பொறியாளர்கள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்களோடு வந்த அரசியல் சொற்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

லண்டன் வேறு வகை. 2012 முதல் இளையோர் பணிப்பயணத் திட்டத்தில் ஆண்டுக்கு 1,000 தைவான் இளைஞர்கள் இரண்டாண்டுகள் தங்கிப் பணிபுரிய வாய்ப்புப் பெற்றனர். இங்கிலாந்தின் கணக்கெடுப்புப் படிவத்தில் இனத்துக்கான கட்டங்களில் "சீனர்" உண்டு. தைவானியர் வேண்டுமானால் எழுதி நிரப்ப வேண்டும். அதே ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளின்போது ரீஜன்ட் வீதியில் மற்ற நாட்டுக் கொடிகளோடு பறந்த தைவானின் கொடி இறக்கப்பட்டு, "சீன தைபே" ஒலிம்பிக் கொடி ஏற்றப்பட்டது. லண்டனுக்கு யார் மீதும் பகை இல்லை. அதற்குத் தெரியாது, அவ்வளவே. தெரியாத நகரத்தில் ஒவ்வொரு அறிமுகத்திலும் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கி விளக்கியே, ஊரில் அரசியல் பேசாத இளைஞர் தம் நாட்டின் தூதராகிவிடுகிறார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரின் ஃபாக்ஸ்கான், செய்யாற்றின் ஃபெங் டே காலணி ஆலைகள், மகிந்திரா சிட்டியில் 2022-இல் பெகாட்ரான் தொடங்கிய ஆலை எனத் தைவான் நிறுவனங்கள் வரிசையாக வந்துள்ளன. தைவானின் பொருளாதார, பண்பாட்டு மையம் சென்னையில் 2012 முதல் உள்ளது. இங்கேயும் மக்கள் வாயில் அவர்கள் "சீனாக்காரர்கள்"தாம். ஆனால் 2025 ஜூலையில், ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் திருப்பி அழைக்கப்பட்டதாகவும், தைவான் ஊழியர்கள் தங்கியதாகவும் செய்திகள் வந்தன. ஒரே உற்பத்தி வரிசையில் ஒரே மொழி பேசி நின்றவர்களை இரண்டு கடவுச்சீட்டுகள் பிரித்தன. ஷாங்காயில் செல்லாத கடவுச்சீட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் வேலையைக் காப்பாற்றித் தந்தது.

விட்டு வந்த ஊரும் நின்றுவிடவில்லை

ஷாங்காய்த் தைகானின் நிலையைச் சிக்கலாக்கும் இன்னொன்று உண்டு. தேசிய செங்சி பல்கலைக்கழகத்தின் தேர்தல் ஆய்வு மையம் 1992 முதல் தைவான் மக்களிடம் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வருகிறது. முதல் ஆண்டில் தைவானியர் மட்டும் என்றவர்கள் 17.6 விழுக்காடு, சீனர் மட்டும் என்றவர்கள் 25.5, இரண்டும் என்றவர்கள் 46.4. 2020-இல் தைவானியர் மட்டும் என்றவர்கள் சுமார் 64 விழுக்காடு. சீனர் மட்டும் என்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் கீழ். 1990களில் "இரண்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவர் அதே பதிலோடு திரும்பி வந்தால், அவர் பெரும்பான்மையிலிருந்து சிறுபான்மைக்கு நகர்ந்திருப்பார். அவர் மாறவில்லை, ஊர் நகர்ந்துவிட்டது. 2014 மார்ச்சில், சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் தைபே நாடாளுமன்றத்தைக் கைப்பற்றி மூன்று வாரங்களுக்கு மேல் உள்ளிருந்தபோது, ஷாங்காயிலிருந்த பல தந்தையருக்குத் தெருவில் நின்றது தம் சொந்தப் பிள்ளைகளின் தலைமுறை.

அலுவலகத்திலும் தரை நழுவியது. தைவானின் வெளிநாட்டு முதலீட்டில் சீனாவின் பங்கு 2010-இல் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இருந்தது. 2024-இல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. உள்ளூர் மேலாளர்கள் தொழில் கற்று, குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யத் தொடங்கியபின் தைகானின் தனிச் சம்பளத்துக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. வேலையும் தொழிலும் இழந்து ஊர் திரும்பவும் கூசி அங்கேயே அலைபவர்களைக் குறிக்க "தைலியு" என்று ஒரு சொல்லே பிறந்தது. 2022 ஏப்ரல், மே மாதங்களில் ஷாங்காய் முழுவதும் பூட்டப்பட்டபோது, வீட்டுக்குள் அடைபட்டுக் காய்கறிக்குக் காத்திருந்தவர்களில் இவர்களும் இருந்தார்கள். அந்த இரண்டு மாதங்களில் 83 என்ற குறியீட்டுக்கும் 31 என்ற குறியீட்டுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. உள்ளூர் அண்டை வீட்டாரோடு கூட்டாகப் பொருள் வாங்கிப் பகிர்ந்த அனுபவம் நகரத்தோடு ஒரு பிணைப்பைத் தந்தது. அதே அனுபவமே பலரைப் புறப்படவும் வைத்தது. 2024 ஜூனில் தைவான் பிரிவினையாளர்களைத் தண்டிக்க 22 விதிகளைச் சீனா அறிவித்த சில நாட்களில், தைவான் தன் மக்களுக்குப் பயண எச்சரிக்கையை உயர்த்தியது. ஊர்ப்பெயராகச் சொல்லி வந்த சொல்லை இனி எந்தக் குரலில் சொல்வது என்று அவர்கள் மீண்டும் அளந்து பார்க்க வேண்டியதாயிற்று.

வாக்குச்சாவடி

தைவானில் அஞ்சல் வாக்கு இல்லை. குடும்பப் பதிவு இருக்கும் ஊருக்கு நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். இரண்டாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அந்தப் பதிவு இடம்பெயர்ந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். 2008 வரை ஷாங்காயிலிருந்து தைபேக்கு ஹாங்காங் அல்லது மக்காவ் வழியாகச் சுற்றிப் போவதில் ஏறக்குறைய ஒரு பகல் கழியும். அந்த ஆண்டு டிசம்பரில் அன்றாட நேரடிப் பறப்புகள் தொடங்கின. 2010 ஜூனில் ஷாங்காயின் ஹோங்சியாவ் விமான நிலையமும் தைபே நகருக்குள்ளேயே இருக்கும் சோங்ஷான் நிலையமும் இணைக்கப்பட்டன. இரண்டு மணி நேரத்துக்குள் வீடு. தூரம் குறைந்தால் இரு கரையும் ஒன்றாகும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அடிக்கடி போய்வர முடிந்ததால்தான் குடும்பப் பதிவும் மருத்துவக் காப்பீடும் அறுபடாமல் நின்றன; குடும்பத்தைத் தைபேயிலேயே விட்டுவைக்கவும் முடிந்தது. லண்டனில் இருப்பவர் தைவானியர் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தேர்தலைத் தவறவிடுகிறார். ஷாங்காயில் இருப்பவர் எதுவும் சொல்லாமல் வெள்ளிக்கிழமை மாலை விமானம் ஏறுகிறார்.

2024 ஜனவரி 13 சனிக்கிழமை அதிபர் தேர்தல் நடந்தது. பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் வழக்கம்போல் தத்தம் ஊர்களின் வாக்குச்சாவடிகளில் வரிசையில் நின்றார்கள். அவற்றுள் பல அவர்கள் படித்த தொடக்கப் பள்ளிகள். அங்கே கேட்கப்பட்டது தைவான் அடையாள அட்டை, முத்திரை, வாக்காளர் அறிவிப்புச் சீட்டு ஆகிய மூன்று மட்டுமே. ஞாயிறு இரவு அவர்களில் பலர் சோங்ஷான் நிலையத்தில் மற்ற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஷாங்காயில் அலுவலகம் இருந்தது.